மனையுறை நாளும் மனங்கவர் நாவலும்

நாவல் வீட்டில் படிக்கப்பெறும் இலக்கியம். கவிதை மேடையிலும் ஒலிக்கும். நாடகம் அரங்கில் உயிர்பெறும். சிறுகதையை ஒரு பேருந்துப் பயணத்திற்குள் படித்து முடித்துவிடலாம். நாவலோ தனித்த நேரத்தையும், அமைந்த மனத்தையும், நாள்தோறும் திரும்பி வந்து அமர்வதற்கு ஓர் இடத்தையும் வேண்டி நிற்பது. ஆதலின் ஒரு சமுதாயம் தன் வீடுகளில் எந்த நாவல்களை விரும்பிப் படிக்கிறது என்னும் வினா, வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய வினா அன்று. அச்சமுதாயம் தன் வீட்டை எங்கே இருப்பதாக எண்ணுகிறது என்பதற்கும் அதனுள்ளேயே விடை கிடைக்கும்.

இவ்வினாவைக் காலமே முன்னிறுத்திய ஒரு வேளை உண்டு. கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியா எங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. ஜொகூர் மாநிலத்தில் அதன் சுமை இருமடங்காயிற்று. கடற்பாலத்தைக் கடந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று மீண்டவர்கள் இக்கரையிலோ அக்கரையிலோ தங்கிவிட நேர்ந்தது, குடும்பங்கள் பிரிந்திருந்தன. குளுவாங் மாவட்டத்துச் சிம்பாங் ரெங்கத்தை அடுத்த இரு குடியிருப்புகளோ, நாட்டிலேயே முதன்முதலாகக் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாட்டிற்குள் அம்மாத இறுதியில் கொண்டுவரப்பட்டன. வாயிற்படியே எல்லையான அந்நாள்களில், அலமாரியில் உறங்கிய நூல்கள் பல வீடுகளில் கைக்கு வந்தன.

அடைபட்ட மாந்தர் கதையை நாடுவது புதிதன்று. 1348ஆம் ஆண்டு புளோரன்சு நகரைக் கொள்ளைநோய் சூறையாடியபோது ஊர்ப்புறத்து மாளிகையில் ஒதுங்கிய பத்துப் பேர், பத்து நாள்களில் நூறு கதைகளைச் சொல்லிக்கொள்வதாகவே பொக்காச்சியோ தம் 'தெக்கமரான்' நூலை அமைத்தார். நோயை மறப்பதற்காக அவர்கள் கதை சொன்னார்கள். ஆனால் அக்கதைகளில் நிறைந்திருப்பதோ, அவர்கள் விட்டு வந்த நகரத்தின் வணிகரும் துறவியரும் கணவன் மனைவியருமே ஆவர். மறப்பதற்காகத் தொடங்கிய கதை அறிவதில் சென்று முடிகிறது. வீட்டில் இருப்போர் விரும்பும் நாவல், வீட்டை மறக்கச் செய்ய வேண்டுமா, வீட்டை அறியச் செய்ய வேண்டுமா? இக்கட்டுரை ஆராய விழைவது இதனையே.

காவிரிக்கரை வாசகன்

மலேசியத் தமிழ் வீடுகளில் விருப்ப நாவல் யாதெனக் கேட்டால், பலரும் முதலில் கூறும் பெயர் 'பொன்னியின் செல்வன்' ஆகவே இருக்கும். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்து, ஐந்து பாகங்களாக விரிந்த அந்நாவலின் வெற்றிக்குக் காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனுக்குச் சோழ நாடு புதிது; வாசகனுக்கும் புதிது. அவன் எதையெல்லாம் கண்டு வியக்கிறானோ அதையெல்லாம் வாசகனும் கண்டு வியக்கிறான். அவன் அவசரப்பட்டு உளறி அகப்பட்டுக்கொள்ளும்போது வாசகனும் உடன் தவிக்கிறான். முன்பின் அறியாத ஒரு நாட்டைப் பழக்கப்பட்ட ஊராக்கிக் காட்டும் உத்தி இது. அத்தியாயந்தோறும் முடிவில் ஒரு கதவு பாதி திறந்து நிற்கும். அடுத்த வாரம் வரை அதனைத் திறந்தே வைப்பது தொடர்கதையின் தொழில்.

வீட்டினுள் அடைபட்டவனுக்கு இத்தகைய நாவல் குதிரையும் ஓடமும் ஆகிறது. அதனைக் குறையென்று தள்ளுதல் கூடாது. மேலும், பொன்னியின் செல்வன் வீரக்கதை மட்டுமன்று. கைக்கு எட்டிய மணிமுடியைச் சிற்றப்பன் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கும் அருள்மொழியின் செயலில்தான் அது நிறைவு பெறுகிறது. ஐந்தாம் பாகத்திற்குத் 'தியாகச் சிகரம்' எனப் பெயரிட்ட கல்கி, வெல்வதைவிட விடுவதே அரிது என்னும் கருத்தை இலட்சக்கணக்கான வாசகர் நெஞ்சில் பதித்துவிட்டார்.

எனினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கோடிக்கரையின் புதைசேற்றையும் பழையாறையின் மாளிகைகளையும் வழிகேளாமலே சொல்லக்கூடிய ஜொகூர் வாசகன், தன் பாட்டனார் பால்வெட்டிய தோட்டத்தின் பெயரைச் சொல்லத் தயங்குகிறான். இது கல்கியின் குற்றமன்று. கல்கியோ இந்நிலத்திற்கும் ஓர் ஓடத்துறையை அமைத்தே சென்றிருக்கிறார். நோயுற்ற அருள்மொழி நாகைச் சூடாமணி விகாரத்தில் தங்கி உடல் தேறுவதாக நாவல் கூறும். அவ்விகாரம் கடாரத்து அரசன் எடுப்பித்தது என்பதைப் பெரிய இலெய்டன் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. கடாரமோ இன்றைய கெடா. தமிழகத்தின் மிகப் புகழ்பெற்ற நாவலின் நாயகன் உயிர் பிழைக்கும் இடம், மலாயாக் கரையோடு உறவுடைய ஒரு கட்டடம்! வகுப்பில் இதனைச் சுட்டிக்காட்டும் ஆசிரியர், மாணவனை ஒரே நொடியில் காவிரியிலிருந்து மெர்போக் ஆற்றுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

அறிவுரை கூறும் அண்ணன்

கல்கியை அடுத்து இந்நாட்டு வீடுகளில் பேரிடம் பெற்றவர் மு. வரதராசனார். எஸ்.பி.எம். தமிழ் இலக்கியப் பாடத்தில் அவருடைய 'வாடா மலர்' பாடநூலாக இருந்ததை மாணவர் பலர் அறிவர். ஆயினும் வீட்டில் இருந்து நிதானமாகப் படிப்பதற்கு ஏற்றது, 1961ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற 'அகல் விளக்கு' எனலாம்.

அந்நாவலில் சந்திரன் அழகும் அறிவும் மிக்கவன். வேலய்யன் அவனுக்கு முன் எவ்வகையிலும் சிறவாதவன். சந்திரன் ஒளிவீசி விரைவில் கெடுகிறான். வேலய்யன் சிறுகச் சிறுக எரியும் அகலாக நின்று குடும்பத்திற்கு ஒளி தருகிறான். கதையைச் சொல்பவனும் அவனே. இவ்வமைப்பின் நுட்பம் பலரால் கவனிக்கப்படுவதில்லை. நண்பனின் வீழ்ச்சியைச் சொல்பவன், முன்னொரு காலத்தில் அவனைக் கண்டு ஏங்கியவன். அவனைப்போல் ஆக விரும்பியவன். ஆதலால் கண்டிக்கும் இடத்திலும் அவன் குரலில் அன்பு குன்றுவதில்லை.

மு.வ.வின் பாத்திரங்கள் பேசுவதைவிடப் போதிப்பது மிகுதி என்னும் குறை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அக்குறை மெய்யே. அடுக்களையில் நிகழும் உரையாடலும் சில இடங்களில் சொற்பொழிவாகிவிடுகிறது. ஆனால் இந்நாட்டு வாசகர் அவரை ஏன் விரும்பினர் என்பதை அக்குறையைக் கொண்டே விளக்க முடியும். தாயும் தந்தையும் விடியுமுன் பால்வெட்டச் சென்றுவிடும் லயத்து வீட்டில், கல்லூரி கண்ட உறவினர் எவரும் இல்லாத ஓர் இளைஞனுக்கு, நட்பையும் காமத்தையும் செலவையும் பற்றிப் பொறுமையாக எடுத்துரைக்க ஓர் அண்ணன் தேவைப்பட்டான். மு.வ. அந்த அண்ணனானார். கலைத்திறன் சற்றே தாழ்ந்த இடத்திலும் தேவை உயர்ந்து நின்றது. திறனாய்வாளர் நூலை மட்டும் எடைபோட்டு, அது சென்றடைந்த வீட்டை மறந்துவிட்டால் தீர்ப்பு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

திரும்பாதவனின் ஊர்

கல்கி வாசகனைத் தாயகத்திற்கு அழைத்துச் செல்கிறார், மு.வ. அவன் ஒழுக்கத்தைக் காக்கிறார். ஆனால் கடல் கடந்து வந்தவன் எப்படி வாழ்ந்தான், எதை இழந்தான் என்று சொல்ல மூன்றாவது ஒருவர் வேண்டியிருந்தது. அவர் ப. சிங்காரம் (1920–1997). சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் சுமத்ராத் தீவின் மேடான் நகருக்கு வேலைக்குச் சென்று, போருக்குப்பின் தாயகம் திரும்பி, மதுரையில் செய்தித்தாள் பணியில் வாழ்நாளைக் கழித்தவர். அவர் எழுதியவை இரண்டே நாவல்கள்: 1959இல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்', 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'.

முன்னது பினாங்கு வட்டிக்கடையைச் சூழ்ந்த கதை. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து மீண்ட செல்லையா, முதலாளியின் மகள் மரகதத்தை விரும்புகிறான். போர்க்களம் கண்டவனைக் கணக்குப் புத்தகம் ஏற்க மறுக்கிறது. பின்னதில் பாண்டியன் என்னும் இளைஞன் மேடானில் ஜப்பானியப் படை நுழைவதைக் காண்கிறான், தொங்கானில் ஏறிப் புயலைக் கடந்து பினாங்கு சேர்கிறான், படையில் சேர்கிறான், இறுதியில் சுமத்ரா விடுதலைப் போரில் கலந்து, ஊர் திரும்பாமலே மடிகிறான்.

இந்நாவலை ஒரு முறை படித்து நிறைவு கொள்ள இயலாது. அதன் கதைப்போக்கு நேர்க்கோட்டில் செல்வதில்லை. மேடான் தெருவில் நடப்பவனின் நினைவு திடீரென்று மதுரை வீதிக்கும் சின்னமங்கலத்துச் சந்தைக்கும் தாவுகிறது. மலாய்ச் சொற்களும் வட்டிக்கடைக் குழூஉக்குறிகளும் செவ்வியல் இலக்கியச் சாயல்களும் ஒரே பத்தியில் தோள் உரசுகின்றன. பழம்பெருமை பேசும் தமிழரின் வாய்ச்சொல் வீரத்தை ஆசிரியர் நகைத்துத் தள்ளுகிறார். ஆயினும் நகைப்பின் அடியில் ஈரம் இருக்கிறது. வெளிவந்த காலத்தில் பெரிதும் கவனிக்கப்படாத இந்நூல், 1990களின் இறுதிக்குப் பின்னரே பரவலாகப் பாராட்டப்பட்டது. தொடர்கதைச் சுவைக்குப் பழகிய வாசகருக்கு அதன் நடை புதிராக இருந்ததும், கதை நிகழும் நிலம் தமிழகத்தாருக்குத் தொலைவாக இருந்ததும் அதற்குக் காரணங்களாகலாம்.

ஆனால் ஜொகூர் வாசகனுக்கு அந்நிலம் தொலைவன்று. தொங்கானும் கம்போங்கும் அவனுக்கு அடிக்குறிப்பு வேண்டாத சொற்கள். தமிழக வாசகன் முயன்று பெற வேண்டிய சூழலை அவன் பிறப்பிலேயே பெற்றிருக்கிறான். இவ்வுரிமையை அவன் பயன்படுத்திக்கொள்ளாதது பேரிழப்பு. ஊரை நினைந்து உருகும் பாண்டியனின் நெஞ்சில் ஊர் முன்னிலும் அழகாக இருக்கிறது. அவன் நினைக்கும் ஊர் மண்ணில் இல்லை, நினைவில் மட்டுமே இருக்கிறது. புலம்பெயர்ந்தோர் வாழ்வின் இவ்வுண்மையை இவ்வளவு துயரத்தோடும் இவ்வளவு எள்ளலோடும் சொன்ன தமிழ் நாவல் பிறிதொன்றைக் காட்டல் அரிது.

இம்மண்ணின் நாவல்கள்

சிங்காரம் திரும்பிச் சென்றவர். தங்கிவிட்டவர்களின் கதையை யார் எழுதினார்கள்? 1917இல் க. வெங்கடரத்தினம் எழுதிய 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' மலேசியத் தமிழின் முதல் நாவலாகச் சுட்டப்பெறுகிறது. தொடக்கம் இவ்வளவு முந்தியதாக இருந்தும், இங்கு நாவலைவிடச் சிறுகதையே செழித்தது. இந்நாட்டு எழுத்தாளருக்குக் களம் தந்தவை நாளிதழ்களின் ஞாயிறு பக்கங்கள். 1924இல் தோன்றி 2019இல் நின்ற 'தமிழ் நேசன்' போன்ற ஏடுகள் சிறுகதைக்கு எளிதில் இடம் அளித்தன. நாவலை நூலாக்கும் செலவோ பெரும்பாலும் எழுதியவர் தலையிலேயே விழுந்தது.

தோட்டத்து வாழ்வை நாவலாக்கித் தமிழகத்திலும் அறியச் செய்தவர் அகிலன். 1970களில் இங்கு வந்து, கண்டும் கேட்டும் அவர் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' இந்நாட்டு வாசகரால் அன்போடு வரவேற்கப்பெற்றது. விருந்தினர் ஒருவர் நம் வீட்டுத் துன்பத்தை உணர்ந்து பேசும்போது உண்டாகும் நெகிழ்ச்சி அது. ஆனால் வீட்டார் தாமே பேசும்போது வெளிப்படும் செய்தி வேறு.

அவ்வாறு பேசிய நூல்களுள் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) தலையாயது. 1942இலும் 1943இலும் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். நோயும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றன. நேச நாட்டுப் போர்க்கைதிகளின் துயரை மேலை நாட்டார் நூலாகவும் திரைப்படமாகவும் உலகறியச் செய்தனர். தமிழ்த் தொழிலாளர்களுக்கோ அத்தகைய பதிவு வாய்க்கவில்லை. சண்முகத்தின் நாவல் அந்த வெற்றிடத்தில் நின்று பேசுகிறது. கலைநுட்பத்தைத் தேடி அதனைத் திறப்பவர் சில இடங்களில் செய்தி மிகுந்து கதை மெலிவதைக் காணலாம். ஆயினும் வீட்டில் பேசப்படாமலே விடப்பட்ட ஒரு சாவுக்கு வீட்டிலேயே இருந்து படிக்கப்படும் ஒரு நூல் நினைவுக்கல் ஆகிறது என்றால், அதன் இலக்கியப் பயன் சிறிதன்று.

ஆசிரியப் பணி புரிந்த அ. ரெங்கசாமி வேறொரு காலத்தை எடுத்துக்கொண்டார். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம் அவருடைய 'லங்காட் நதிக்கரை' (2005) நாவலின் பின்புலம். பகலில் அரசுப் படைக்கும் இரவில் காட்டிலிருந்து வருவோருக்கும் விடை சொல்ல வேண்டிய எளிய மாந்தரின் இக்கட்டு அக்காலத்திற்கே உரியது. கதையின் களம் சிலாங்கூர் ஆயினும் ஜொகூர் வாசகன் இதனை அயலார் கதையாகக் கொள்ளலாகாது. சிதறிக் கிடந்த மக்களை வேலியிட்ட குடியிருப்புகளில் சேர்க்கும் பிரிக்ஸ் திட்டம் 1950 ஜூன் மாதம் முதலில் நடைமுறைக்கு வந்தது ஜொகூரிலேதான். தோட்டத்து லயங்களும் வேலிக்குள் திரட்டப்பட்டன. ஊரடங்கு நேரத்தில் வெளியே காணப்பட்டவன் உயிருக்கு உறுதியில்லை.

2020இல் வீட்டில் இருக்குமாறு ஆணையிடப்பட்டபோது அதனை முன்னொருபோதும் காணாத புதுமை என இளைஞர் எண்ணினர். அதே வீட்டின் மூலையில் இருந்த மூதாட்டிக்கோ அது இரண்டாம் முறை. இரண்டும் ஒன்றல்ல, ஒன்று நோய்க்கு அஞ்சிய காவல், மற்றொன்று துப்பாக்கிக்கு அஞ்சிய காவல். எனினும் 'அப்போது எப்படி இருந்தீர்கள், பாட்டி?' என்று பேரன் கேட்பதற்கு ஒரு நாவல் வழிவகுக்குமானால், அந்நாவல் அவ்வீட்டுக்குச் செய்யும் தொண்டு வேறு எந்நூலாலும் செய்ய முடியாதது.

ஏன் விருப்ப நூலாகவில்லை?

இத்துணைப் பொருட்செறிவு இருந்தும் இம்மண்ணின் நாவல்கள் வீடுகளில் விருப்ப நூல்களாகாமைக்குக் காரணம் என்ன? இரு தரப்பிலும் குறை உண்டு.

எழுத்தாளர் தரப்பில், துன்பத்தைச் சொல்வதே போதும் என்னும் எண்ணம் பல நாவல்களில் காணப்படுகிறது. தோட்டத்து வாழ்வில் துன்பம் மட்டுமா இருந்தது? திருவிழா இரவில் கூத்து இருந்தது. திடலில் பந்தாட்டம் இருந்தது. பால் நிறுக்கும் கொட்டகையில் கேலியும் காதலும் இருந்தன. வந்தியத்தேவனின் குறும்பை விரும்பிய வாசகன், தன் மண்ணின் நாயகன் சிரிப்பதையும் காண விரும்புகிறான். சிங்காரத்தின் வெற்றி இங்கேதான் இருக்கிறது. சாவின் நடுவிலும் அவர் மாந்தர் நகைக்க மறப்பதில்லை.

வாசகர் தரப்பில், உள்ளூர் நாவலைப் படிப்பது ஒரு கடமை என்னும் மனப்பான்மை வேரூன்றிவிட்டது. ஐ. இளவழகுவின் 'இலட்சியப் பயணம்' எஸ்.பி.எம். பாடநூலாக இருந்தபோது மாணவர் அதனைப் படித்தனர். ஆனால் தேர்வுக்காகப் படித்த நூலை, தேர்வு முடிந்த பின் விரும்பி மீண்டும் எடுப்போர் எத்துணைப் பேர்? பாத்திரப் படைப்பு, பின்னணி, படிப்பினை என்று கூறுபோட்டு மனனம் செய்யப்பட்ட நாவல், நாவலாகப் படிக்கப்படுவதில்லை, வினாவிடையாகப் படிக்கப்படுகிறது. விருப்பம் கட்டளையால் வளர்வதன்று.

ஆசிரியர் கடன்

இந்நிலை மாறுவதற்கு ஆசிரியர் செய்யத்தக்கவை அரியன அல்ல. மாணவன் விரும்பும் நாவலிலிருந்து தொடங்க வேண்டும். அதனைப் பழித்துத் தொடங்கலாகாது. பொன்னியின் செல்வனில் மயங்கியவனுக்குச் சூடாமணி விகாரத்தைக் காட்டிக் கடாரத்தை நினைவூட்டலாம். கடாரத்திலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து பாண்டியனின் தொங்கானுக்கும் வழி உண்டு. அகல் விளக்கை விரும்புபவனிடம், வேலய்யனைப்போல் அடங்கி எரிந்த ஒருவரைத் தன் குடும்பத்திலேயே தேடிச் சொல்லுமாறு கேட்கலாம். சயாம் மரண ரயிலை வகுப்பில் முழுதும் விளக்க வேண்டுவதில்லை. ஓர் அத்தியாயத்தை மாலையில் வீட்டில் முதியோர் முன்னிலையில் வாய்விட்டுப் படித்து வருமாறு பணித்தால் போதும். எஞ்சியதை அம்முதியோரின் நினைவே நடத்தும்.

இதில் காலத்தாழ்வு கூடாது. ஜொகூரில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பலவும் செம்பனைக்கும், பின்னர் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம் கொடுத்துவிட்டன. அங்கு வாழ்ந்தோர் மாசாயிலும் ஸ்கூடாயிலும் பாசீர் கூடாங்கிலும் அடுக்கு வீடுகளில் குடியேறியுள்ளனர். லயம் இடிந்தது; பெரட்டுக் களம் மறைந்தது; கோயில்கூட இடம்பெயர்ந்த ஊர்கள் உண்டு. நேரில் சென்று காட்டுவதற்கு ஒரு தோட்டம் இல்லாத தலைமுறைக்கு, அத்தோட்டத்தைக் காட்டக்கூடியவை இரண்டே. ஒன்று முதியோரின் நினைவு, மற்றொன்று நாவல். முன்னது ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது. பின்னது இன்னும் எழுதப்பட வேண்டியது மிகுதி. எழுதப்பட்டதும் படிக்கப்பட வேண்டியது மிகுதி.

தொடக்கத்தில் எழுப்பப்பெற்ற வினாவுக்கு இனி விடை காணலாம். வீட்டை மறக்கச் செய்யும் நாவல் முதல் வாசிப்பில் வெல்லும். அதற்கு உரிய மதிப்பை மறுத்தற்கில்லை. ஆனால் ஆண்டுகள் பல கழிந்தும் அலமாரியிலிருந்து மீண்டும் எடுக்கப்படுவது, வீட்டை அறியச் செய்த நாவலே. காவிரிக்கரையில் உலவி வந்த வாசகன் ஒரு நாள் நூலை மூடிவிட்டுச் சாளரத்தின் வழியே வெளியே நோக்குகிறான். அங்கே தெரியும் ஆற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அக்கரையிலும் ஒரு கதை உண்டு. அதனையும் அவன் அதே விருப்போடு படிக்கத் தொடங்கும் நாளில், ஜொகூர்த் தமிழரின் வீட்டு அலமாரி நிறைவு பெறும்.